பிடி அரிசியோடு ஓர் உருண்டை புளி

பெர்சியாளின் உடம்பில் தங்கம் நிற்காது என்பது எலீம்விளை சபைக்கு அவளுடைய திடப்படுத்தல் ஆராதனை அன்று தெரியவந்தது. வெள்ளைச் சேலையும் முக்காடுமாக முழங்காலிட்டிருந்த பதினெட்டுப் பிள்ளைகளின் தலையில் ஒவ்வொன்றாகக் கைவைத்து ஜெபித்துக்கொண்டு வந்த பேராயர், பெர்சியாளின் தலையில் கைவைத்தபோது, அவள் காதிலிருந்த கம்மல்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் விழுந்து பீடத்துப் படிவரை உருண்டு போயின. கோயில் பணியாளர் எடுத்துப் பார்த்தார். திருகாணி திருகினபடியே இருந்தது, அவள் காதிலும் ஒரு கீறல் இல்லை. பேராயர் அடுத்த தலைக்குப் போனார். அவருக்கு அன்று இன்னும் இரண்டு சபைகள் இருந்தன.

எங்கள் ஊருக்கு எலீம்விளை என்று பெயர் வைத்த வெள்ளைக்கார மிஷனரி, பன்னிரண்டு நீரூற்றும் எழுபது பேரீச்சமரமும் இருந்த ஒரு வேதாகம ஊரை நினைத்து வைத்தாராம். எங்களிடம் இருப்பது ஒரு பொதுக்குழாயும் கண்ணுக்கெட்டிய தூரம் உடைமரமும்தான். ஆனாலும் அந்தக் குழாயடியில் ஒரு குடம் நிரம்புவதற்குள் ஒரு செய்தி கிழக்குத் தெருவில் புறப்பட்டு பஸ் நிறுத்தம்வரை போய், கையும் காலும் முளைத்துத் திரும்பி வந்துவிடும். கம்மல் விழுந்த செய்தியும் அப்படித்தான் போய் வந்தது, வரும்போது கம்மல் பறந்தது என்று வந்தது.

பெர்சியாளின் தாய் லில்லி புஷ்பம் விதவை, ஒரே பெண்ணைப் பெற்றவள், லேசில் விட்டுவிடுகிறவளும் அல்ல. கம்மலை நூலால் கட்டிப் பார்த்தாள், சின்ன அளவு மோதிரத்தை விரலில் இறுக்கிப் பார்த்தாள், வளையலைச் சோப்பு போட்டு ஏற்றிப் பார்த்தாள், மூன்று வெள்ளிக்கிழமை உபவாசமும் இருந்தாள். தங்கம் அவசரப்படவும் இல்லை, முரண்டு பிடிக்கவும் இல்லை. தன் நிறுத்தம் வந்ததும் எழுந்து இறங்கிப் போகிற பயணியைப் போல மெதுவாக இறங்கிக் கீழே போய்விட்டது. கையில் வாங்கி வைத்துக்கொண்டால் இருக்கும், அணிந்தால் இராது. கவரிங் நகை போட்டால் பேசாமல் இருந்துகொள்ளும். பெர்சியாள் கவரிங்கைக் கழற்றித் தாயிடம் கொடுத்துவிட்டு, துளை தூர்ந்துவிடக் கூடாது என்று காதில் இரண்டு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள்.

முதல் ஆறு மாதம் நாங்கள் இதை ஒரு சாபம் என்று பேசினோம், அடுத்த ஆறு மாதம் ஓர் ஆசீர்வாதம் என்று பேசினோம், அதற்குப் பிறகு அதை வைத்து வேலை வாங்க ஆரம்பித்துவிட்டோம். சுத்தத் தங்கம் அவள் அணிந்ததும் விழும், செம்பு கூடுதலாகக் கலந்தது ஒரு கீர்த்தனையின் முதல் சரணம் பாடி முடிக்கும்வரை நின்றுவிட்டு விழும், போலி விழவே விழாது. இதற்குமேல் ஓர் ஊருக்கு என்ன உரைகல் வேண்டும்? பெண் கொடுக்கிறவர்கள், பெண் எடுக்கிறவர்கள், அடகுக்கு வாங்குகிறவர்கள் எல்லோரும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குக் காத்திருந்தார்கள். ஏனென்றால் சனிக்கிழமைதான் பெர்சியாள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பையோடு வீடு வீடாகப் பிடி அரிசி வாங்க வருவாள். சோறு பொங்கும் ஒவ்வொரு தடவையும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிச்சட்டியில் எடுத்துவைப்பது எங்கள் வீடுகளின் வழக்கம். அந்த அரிசியைப் பையில் கொட்டிவிட்டு, அப்படியே உள்ளே கூப்பிட்டு நகையையும் அவளுக்கு அணிவித்துப் பார்ப்பார்கள். விழுந்ததா நின்றதா என்பதை அந்த வீட்டு வாசலைத் தாண்டி அவள் ஒருநாளும் கொண்டுபோனதில்லை. நாங்கள் கேட்காமலா இருந்தோம்? கெஞ்சிக் கேட்டோம், ஏசிக் கேட்டோம். "அரிசி நல்லா இருந்துச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

மேற்குத் தெரு பெந்தெகொஸ்தே பாஸ்டர், நகையைக் கழற்றச் சொல்லி இருபது வருடம் தாம் கூவியது ஆண்டவர் காதில் விழுந்தது, ஆனால் பதில் விலாசம் தப்பி எங்கள் சபைக்கு வந்துவிட்டது என்று வருத்தப்பட்டார். கன்வென்ஷனுக்கு வந்த பிரசங்கியார் ஒருவர், பெண்ணுக்கு அலங்காரம் பின்னின தலைமுடியும் பொன்னும் அல்ல, உள்ளே மறைந்திருக்கிற குணம்தான் என்ற உபதேசத்தை எடுத்துக்கொண்டு, மூன்று நாளும் பெர்சியாளை எழுந்து நிற்கவைத்து எங்களுக்குக் காட்டினார். மூன்றாம் நாள் அவள் உட்கார மறுத்துவிட்டாள்.

"ஐயா, என்னைய வச்சிப் பிரசங்கம் பண்ணாதிய" என்றாள். "ஆசை இல்லாதவன்னு நெனச்சிக்கிட்டியளா? காது தூர்ந்துறக் கூடாதுன்னு வேப்பங்குச்சி சொருவிக்கிட்டு அலையுதேன். கம்மல் போடணும்னு எனக்குக் கொள்ளை ஆசை. அது நிக்க மாட்டேங்கு, நான் என்ன செய்ய?"

பிரசங்கியார் அடுத்த வருடம் நோவா பேழையைப் பற்றிப் பேசினார்.

வயது இருபத்தெட்டு ஆகியும் அவளுக்குக் கலியாணம் ஆகவில்லை. இதற்குத் தங்கத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. அவள் கறுப்பு, முன்பல் இரண்டும் எடுப்பு, நடை வேறு சிப்பாய் நடை. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, ஜெபித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். அத்தனை பேரும் இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அவள் ஆஸ்பத்திரி ஒன்றில் உதவி நர்ஸாகப் பழகி வந்தவள். எங்கள் ஊரில் படுக்கையில் விழுந்தவர்களுக்கெல்லாம் உடம்பு துடைத்துவிடுவதும், புண் கட்டுவதும், முதுகு வெந்துபோகாமல் புரட்டிப் படுக்கவைப்பதும் அவள்தான். அதற்கு நான்கு வருடம் முன்னால் சர்க்கரையில் கால் அழுகிப்போன இஸ்ரவேலுக்கும் அவள்தான் மூன்று மாதம் கட்டுப்போட்டாள். அந்த வாடைக்குச் சொந்தத் தம்பியே வாசலோடு நின்றுகொண்டபோது, அவள் அந்தக் காலை மடியில் தூக்கிவைத்துக்கொண்டு, அவர் வலியை மறக்கட்டும் என்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பாள். வெல்டிங் பட்டறை வைத்திருந்த அவருடைய மகன் தேவசித்தம் அதை மூன்று மாதமும் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா அடக்கமாகி வருடங்கள் போன பிறகும் அவன் கண்ணுக்கு வேறு பெண் தெரியவில்லை. ஒருநாள் லில்லி புஷ்பத்தின் வீட்டுக்குப் போய்த் தானே பெண் கேட்டுவிட்டான்.

அவனுடைய தாய் ஞானப்பூவுக்கு இது பிடிக்கவில்லை. ஞானப்பூ என்றால் எங்களுக்கு நினைவு வருவது அவளுடைய எட்டுப் பவுன் இரட்டைவடச் சங்கிலிதான். ஞாயிறுதோறும் சேலைக்கு மேலே எடுத்துவிட்டுக்கொண்டு முன் பெஞ்சில் உட்காருவாள். பெண்ணின் நிறத்தையும் பல்லையும்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய பயம் வேறு. தங்கம் நிற்காத கழுத்தில் தாலி மட்டும் எப்படி நிற்கும்? கட்டின தாலி கழன்று விழுந்தால் அது யாருக்கு ஆகாது? புருஷனை மண்ணில் வைத்துவிட்டு ஒற்றை மகனை வைத்திருக்கிறவளுக்கு அந்தப் பயம் பொய்ப் பயம் என்று நாங்கள் யாரும் சொல்லத் துணியவில்லை. வெள்ளியில் தாலி செய்யலாமே என்று யாரோ சொன்னதற்கு, வெள்ளித் தாலி கட்டின குடும்பம் என்று பேர் வாங்கவா என்று அவள் சீறினாள். வீட்டில் அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், மகன் அசையவில்லை. வீட்டில் சொல்லி எடுபடாததைக் கோயிலில் சொல்வது என்று முடிவு செய்துவிட்டாள்.

எங்கள் முறைப்படி கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று குருவானவர் கேட்பார், கேட்ட கையோடு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். கோயில் கட்டின நாளிலிருந்து யாரும் எழுந்ததில்லை. எழுந்தால் அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்றே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மூன்றாம் ஓலை வாசித்த அன்று மாப்பிள்ளையின் தாயே முன் பெஞ்சிலிருந்து எழுந்து, "எனக்கு ஆட்சேபம் இருக்கு" என்றாள்.

குருவானவர் மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"என்ன ஆட்சேபம்மா?"

"அவ மேல தங்கம் நிக்காது, ஐயா. தாலி விழுந்துட்டா எம்பிள்ளைக்கு என்ன ஆவும்?"

குருவானவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும், இதெல்லாம் தெரிந்ததுதானே என்கிற மாதிரி தலையாட்டினோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. படித்த மனுஷர். "இந்த மூடநம்பிக்கையை எல்லாம் கண்ணால் பார்க்காமல் நான் பதிவேட்டில் எழுத மாட்டேன்" என்றார். "ஆட்சேபித்தவர் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் மேலிடத்துக்கு எழுதுகிறேன், கலியாணம் அதுவரை நிற்கும். இல்லையென்றால் ஓலை வாசித்தது வாசித்ததுதான்."

ஆசீர்வாதம் கூறி முடித்த பிறகும் ஒருவர்கூட வெளியே போகவில்லை. பெர்சியாள் முன்னால் வந்து நின்றாள். பத்துப் பதினைந்து பெண்கள் தங்கள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி நீட்டினார்கள். குருவானவர் எல்லாவற்றையும் மறுத்துவிட்டார். ஆட்சேபித்தவர் நகைதான் சாட்சி, வேறு யாருடையதும் செல்லாது என்றார்.

எல்லோர் கண்ணும் இரட்டைவடச் சங்கிலிக்குப் போயிற்று.

"கோயிலுக்குள்ள வச்சி எப்படிக் கழத்த?" என்றாள் ஞானப்பூ. கழற்றலாம் என்றார் குருவானவர். "கொக்கி இறுக்கம்" என்றாள். வயலட் எண்ணெய் கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். வயலட் எங்கள் குழாயடியின் தலைமைச் செயலகம். ஞானப்பூ கழுத்துக்குப் பின்னால் கைகளைக் கொண்டுபோனாள். கொக்கியைத் தேட அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று. சங்கிலியைப் பெர்சியாளின் உள்ளங்கையில் வைத்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தாள்.

எலீம்விளைத் தங்கம் முழுவதையும் கையில் வாங்கிப் பழகினவளுக்குக் கனம் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? சங்கிலி கவரிங். இஸ்ரவேலின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அசல் போன நாளிலிருந்து, நான்கு வருடமாக ஞானப்பூ அதைத்தான் சேலைக்கு மேலே எடுத்துவிட்டுக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

இதை நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அன்று நாங்கள் பார்க்கவில்லை. பெர்சியாள் தலையைக் கொஞ்சம் குனிந்து அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டால் போதும், சங்கிலி நிற்கும். ஆட்சேபம் விழும். பன்னிரண்டு தடவை காப்பி கொடுத்துக் காத்திருந்த கலியாணம் நடக்கும். அவள் பொய் சொல்ல வேண்டியதில்லை, வாயையே திறக்க வேண்டியதில்லை. சங்கிலி நின்றால் என்ன அர்த்தம் என்பது எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஞானப்பூ அதற்குப் பிறகு எந்தப் பெஞ்சில் உட்காருவாள்?

பெர்சியாள் சங்கிலியைப் பார்த்தாள், தேவசித்தத்தைப் பார்த்தாள், அப்புறம் குருவானவரைப் பார்த்தாள்.

"போட்டுப் பாக்க வேண்டாம், ஐயா. அத்தை சொன்னது நெசம். எம்மேல தங்கம் நிக்காது. அப்படியே எழுதிக்கிடுங்க."

சொல்லிவிட்டு ஞானப்பூவின் பின்னால் போய், சங்கிலியை அவள் கழுத்திலேயே போட்டுக் கொக்கியை மாட்டி, சேலைக்கு மேலே எடுத்து நேராக விட்டாள். குருவானவர் எழுதினார். லில்லி புஷ்பம் முக்காட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தேவசித்தம் மணிக்கூண்டுப் பக்கமாக வெளியே போய்விட்டான். நாங்கள் வெயில் ஏறுமுன் வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு வைத்தோம். அந்தக் குழம்பின் ருசி இன்றுவரை எங்கள் நாக்கில் குற்றமாக நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஞானப்பூ பெர்சியாளின் வீட்டுக்குப் போனாள். பெர்சியாள் கட்டுத்துணிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"கையில வாங்குனப்பவே கண்டுக்கிட்டியா?"

"ஆமா, அத்தை."

"பெறவு ஏன் போடல? போட்டிருந்தா உனக்குத்தான லாபம்?"

பெர்சியாள் அடுப்பைத் தணித்தாள். "மாமாவுக்கு மூச்சு அடங்குனப்ப நான் கூட நின்னேன்லா. நீங்க அழல. அந்தச் சங்கிலியைக் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டு நின்னிய. அதயும் நான் பறிச்சிட்டா நீங்க எதப் பிடிப்பிய?"

ஞானப்பூ அடுப்புப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து, நான்கு வருடத்து அழுகையை அழுது முடித்தாள். பெர்சியாள் அவளைத் தேற்றவில்லை. துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியில் விரித்துவிட்டு வந்து, பழையது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டார்கள்.

அங்கிருந்து ஞானப்பூ நேராக நகை செய்யும் பத்தர் கடைக்குப் போய்ச் சங்கிலியைக் கழற்றித் தராசில் வைத்தாள். உருக்கி ஒரு தாலி செய்ய வேண்டும் என்றாள்.

"அம்மா, இது வந்து..." என்று இழுத்தார் பத்தர்.

"என்னதுன்னு எனக்குத் தெரியும். உருக்குங்க."

"உருக்குனா செம்புதான் மிஞ்சும். மேலாப்புல ஒரு பூச்சுப் பூசித் தாரேன்."

"பூச்சு வேண்டாம். நாலு வருசம் பூச்சோட இருந்தாச்சி."

அடுத்த ஞாயிறு அவள் மறுபடியும் எழுந்தாள். எழுந்து பழகிவிட்டது போலும் என்று வயலட் முணுமுணுத்தாள். ஆட்சேபத்தை வாபஸ் வாங்குவதாக ஞானப்பூ சொன்னதும் குருவானவர் காரணம் கேட்டார். "பயந்துட்டேன், ஐயா. அந்தப் பயம் போயிட்டு" என்றாள். அதைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்று அவர் கொஞ்சநேரம் யோசித்தார், பிறகு அப்படியே எழுதினார்.

கலியாணத்தன்று கோயில் கொள்ளாத கூட்டம். தாலி விழுவதைப் பார்க்க ஐந்து சபையிலிருந்து ஆள் வந்திருந்தது. வேனில் வந்தவர்களும் உண்டு. பெர்சியாள் வெள்ளைப் பட்டுடுத்தி, காதில் புதிதாக ஒடித்த வேப்பங்குச்சியோடு நின்றாள். குருவானவர் தாலியை ஆசீர்வதித்துக் கொடுத்தார். தேவசித்தம் மஞ்சள் கயிற்றை முடிந்தான். பாடகர் குழு பாட மறந்து எட்டிப் பார்த்தது.

தாலி நின்றது. ஒரு சரணம் பாடும் நேரம் பார்த்தோம், ஐந்து சரணம் பாடும் நேரம் பார்த்தோம், நின்றது. பெர்சியாள் குனிந்து தன் கழுத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி முன் பெஞ்சைப் பார்த்தாள். அங்கே ஞானப்பூ வெறுங்கழுத்தோடு உட்கார்ந்திருந்தாள். பெர்சியாளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கலியாணப் பெண் அழுவது வழக்கம்தானே என்று நாங்கள் அல்லேலூயா சொன்னோம்.

அற்புதம் முடிந்துவிட்டது, இனி அந்தப் பிள்ளை கம்மல் போடலாம் என்று ஊர் முழுக்கச் சந்தோஷம். திங்கட்கிழமை காலையில் வயலட்டே தன் மகளின் கம்மலைக் கொண்டுபோய்ப் புதுப்பெண்ணின் காதில் போட்டுப் பார்த்தாள். ஒன்று விழுந்தது. மற்றதும் விழுந்தது.

வயலட் அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். வரிசையில் பதினான்கு பெண்கள் நின்றிருந்தோம். அவள் கையிலிருந்த கம்மலைப் பார்த்தோம், அவள் முகத்தைப் பார்த்தோம். தங்கம் இன்னும் விழுகிறது, தாலி நிற்கிறது. அப்படியானால் தாலி தங்கம் அல்ல. ஞானப்பூவின் கழுத்தில் சங்கிலி இல்லை. அந்தச் சங்கிலியைப் பெர்சியாள் போட்டுப் பார்க்க மறுத்தாள். ஒரு குடம் நிரம்புவதற்குள் பதினான்கு பேரும் கணக்கைப் போட்டு முடித்துவிட்டோம். அன்று கோயிலில் எங்கள் கண்ணெதிரே நடந்தது என்ன என்பதும் அப்போதுதான் விளங்கியது. வயலட் வாயைத் திறந்தாள்.

"இன்னைக்கித் தண்ணி கலங்கலா வருது" என்றாள்.

"ஆமா" என்றோம். "கலங்கல்தான்."

அவ்வளவுதான். அந்தப் பேச்சு குழாயடியைத் தாண்டவில்லை, பஸ் நிறுத்தம் போகவில்லை, புருஷன்மார் காதுக்கும் போகவில்லை. தங்கம் ஒரு பெண்ணின் காதிலிருந்து இறங்கிப் போவதை நாங்கள் அப்போதே பதினான்கு வருடமாகப் பார்த்து வந்தோம், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் எலீம்விளை ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டது என்பதை இன்றுவரை எங்களாலேயே நம்ப முடியவில்லை.

செம்பு அல்லவா, வேர்வை பட்டால் கறுக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் புளி போட்டு விளக்கினால்தான் மின்னும். பெர்சியாள் சனிக்கிழமை பையோடு வரும்போது, பிடி அரிசியைக் கொட்டிவிட்டு அதன் மேலே ஓர் உருண்டை புளியையும் வைத்தாள் வயலட். அடுத்த வீட்டில் இன்னொருத்தி வைத்தாள். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. "அரிசி நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அவள் கழுத்தில் செம்பு படிந்து பச்சையாக ஒரு தடம் விழுந்தது. நாளாக ஆக அது அவளோடு பிறந்த மச்சம் போல ஆகிவிட்டது.

ஞானப்பூ கடைசி இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தாள். பெர்சியாள்தான் துடைத்துவிட்டாள், புரட்டிப் படுக்கவைத்தாள், ஊர்க்கதை பேசினாள். கடைசியாக நற்கருணை கொடுக்கப் போன குருவானவரிடமும் கூடப் போன எங்களிடமும் ஞானப்பூ எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொன்னாள். "நான் போன பெறவு ஊருக்குச் சொல்லுங்க" என்றாள். நாங்கள் முதல் தடவையாகக் கேட்பவர்களைப் போல வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். அவள் சொல்லச் சொன்னதால்தான் இப்போது சொல்கிறோம்.

இன்றைக்கும் பெர்சியாளின் காதில் வேப்பங்குச்சிதான். முடி நரைத்துவிட்டது, பல் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. படுத்துக்கிடக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ ஆள் தேடி வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பஸ் நிறுத்தத்தில் எங்களிடம் வழி கேட்பார்கள். நேரே போங்கள், குழாயைத் தாண்டினால் ஓர் அழகான அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள், அவள்தான் என்போம். போவார்கள். கொஞ்சநேரத்தில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, தெருக்கோடிவரை போய்விட்டோம், நீங்கள் சொன்ன மாதிரி அழகான அம்மா அங்கே யாரும் இல்லையே என்று குறைபட்டுக்கொள்வார்கள். அவர்களோடு சண்டைபோட என்ன இருக்கிறது? குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கூடவே நடந்துபோய் நாங்கள் காட்டிக்கொடுக்கிறோம்.